கம்பி வெட்டப்படாத இரவு: வன்னிக் கிராமம் ஒன்றின் காணிப் போராட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமம். 2017ஆம் ஆண்டு அங்கே நடந்த காணி மீட்புப் போராட்டத்தில் வரவு எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், இடாப்பு எழுதிப் பழகியவள் என்பதால் தந்திருப்பார்கள். யார் வந்து இருந்தார்கள், யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள், வெளியூரிலிருந்து யார் வந்து போனார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் குறித்தேன். இந்த ஆய்வு அந்தக் கொப்பியையும் என் ஞாபகத்தையும் வைத்து எழுதப்படுகிறது. கிராமத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். அங்கே இருந்த சிலரின் வீட்டுக்கு இன்றைக்கும் விசாரிக்க ஆள் போகிறது.

அடக்குமுறை அரசை எதிர்க்க ஏற்றது அறவழியா, ஆயுத வழியா என்ற கேள்வியை வன்னியில் யாரும் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் ஒன்றாவது இருக்கிறது. என் வீட்டில் இருப்பது தம்பியின் படம். ஆயுதம் எடுத்துப் போனவர்களைக் குறைத்துப் பேசுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஒரு வேலிக்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டோம். ஏன் விட்டோம், அதனால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை வேறு ஊரில் வேறு வேலிக்கு முன்னால் இருக்கப்போகிறவர்கள் அறிய வேண்டும்.

பின்னணி

2008 கடைசியில், போர் நெருங்க, ஊர் முழுதும் வெளிக்கிட்டது. கதவு, நிலை, ஓடு எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சச் சாமானும் கொஞ்சச் சனமும் குறைந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம்.

முகாமிலிருந்து விட்டபோது ஊருக்குப் போகலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஊரின் தெற்குப் பாதிதான் எங்களுக்கு. வடக்குப் பாதி, பிள்ளையார் கோவிலும் நல்லதண்ணிக் கிணறும் பாடசாலைக் காணியும் சேர்த்து, முள்ளுக்கம்பிக்குள் படை முகாமாக இருந்தது. அறுபதுக்குக் கிட்டிய குடும்பங்களின் காணி அது. சிலரிடம் காணி உறுதிப் பத்திரம் இருந்தது. பெரும்பாலானோரிடம் இருந்தது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிற், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். அதிலும் பலருடையது மாத்தளனில் பங்கருக்குள் தண்ணி நிறைந்தபோது ஊறிக் கரைந்துபோனது. அந்தக் குடும்பங்கள் தெற்குப் பாதியில் சொந்தக்காரரின் வளவுகளில் கொட்டில் போட்டு ஏழு வருடம் இருந்தார்கள். தங்கள் வீட்டு மாமரம் காய்க்கிறது கம்பியால் தெரியும். மாங்காய் விழுகிற சத்தம்கூடக் கேட்கும் என்று ஒரு அம்மா சொல்லுவார்.

ஏழு வருடமும் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். 2013 மார்ச்சில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொழும்புக்குப் போக பஸ்களில் புறப்பட்டபோது வவுனியாவிலேயே மறிக்கப்பட்டார்கள். அதே வருடம் ஓகஸ்ட் முதலாம் திகதி, கொழும்புக்கு அண்மையில் வெலிவேரியவில் குடிக்கச் சுத்தமான தண்ணீர் கேட்ட சிங்களச் சனத்தின் மேல் இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். தண்ணி கேட்ட சிங்களச் சனத்துக்கே சூடு என்றால், காணி கேட்கும் எங்களுக்கு என்ன என்றுதான் அப்போது ஊர் கதைத்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் தலைக்கு மேல் அப்படியே இருந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் கூட்டம் கூடலாம் என்ற நிலை வந்தது. இந்தத் திகதியை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அறவழிக்கும் கொஞ்சம் வெளி தேவை. 2013இல் இதே கொட்டிலைப் போட்டிருந்தால் ஒரு இரவுகூட நின்றிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு பின்னணியும் உண்டு. ஊரில் எழுபத்தெட்டு வயது ஐயா ஒருவர் இருந்தார். 1961இல் வவுனியாக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகத்தில் இருந்தவர். அந்த வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியில் தொடங்கி வடக்கு கிழக்கு முழுதும் பரவி, அரச நிர்வாகத்தையே நிறுத்திவைத்த போராட்டம் அது. ஏப்ரல் 17ஆம் திகதி அவசரகாலச் சட்டம் போட்டு, இராணுவத்தை இறக்கி, தலைவர்களைப் பிடித்துப் பனாகொடையில் அடைத்து அதை முடித்தார்கள். அதற்கு முன் 1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத்திடலில் இருந்தவர்களைக் காடையர் அடித்துக் கலைத்தார்கள். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் எழுதிய பண்டா–செல்வா ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழிந்தது. எங்கள் முதல் கூட்டத்தில் ஐயா ஒரு வசனம்தான் சொன்னார்: “இருந்தும் பார்த்தாச்சு, அடிச்சும் பார்த்தாச்சு. எதைச் செய்யிறதெண்டாலும் முதல் கணக்கைப் பாருங்கோ.”

தொடக்கம்: 2017 மார்ச்

அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பில் சனம் விமானப்படை முகாம் வாசலில் இருக்கத் தொடங்கியது. பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. பனியிலும் வெயிலிலும் இரவு பகலாக ஒரு மாதம். பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், 24இல் வவுனியாவில், பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் இருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி பிலக்குடியிருப்புக் காணி விடப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து ஆறு பெண்கள் ஓட்டோ பிடித்துப் போய் அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த இரவே முடிவு எடுத்தது அவர்கள்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்து ஆண்கள் அதற்குப் பிறகுதான் கூட்டம் வைத்து அதை ஏற்றார்கள். இந்த வரிசையை மாற்றிச் சொல்லுகிறவர்களும் ஊரில் உண்டு. கொப்பியில் நான் எழுதியது இப்படித்தான்.

மார்ச் இரண்டாம் கிழமை கொட்டில் போட்டோம். நாலு பாலைக் கப்பு, ஒரு தறப்பாள், பக்கத்துக்குக் கிடுகு. முதல் நாள் பதினாலு பேர்.

எங்கே இருப்பது என்பதே முதலாவது முக்கியமான முடிவு. முகாம் வாசலில் றோட்டை மறித்து இருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். றோட்டை மறித்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பொலிஸ் நீதிமன்றத்தில் தடை உத்தரவு எடுக்கும். எடுத்துவிட்டால் அடுத்த நாள் இருப்பவர் எல்லோரும் குற்றவாளிகள். ஆகவே சென்றிக்கு (படையினரின் காவலரணுக்கு) முப்பது அடி இப்பால், ஊரவர் ஒருவரின் சொந்தக் காணியில், இலுப்பை மரத்துக்குக் கீழ் இருந்தோம். அந்த வளவுக்குள் யாரும் எங்களை இருக்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேலியும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

கொட்டிலில் கண்டவை

பத்தாவது நாள் வரவு எழுபத்தெட்டு. பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கொப்பியோடு வந்து அங்கேயே இருந்து படித்தார்கள். சாப்பாட்டை வீதி வாரியாகப் பிரித்திருந்தோம். சோறு, பருப்பு, ஒரு கீரை. தோட்டக்காரர் ஒருவர் நாள்தவறாமல் ஒரு சாக்கில் பயற்றங்காய் அல்லது பூசணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். தெற்குப் பாதியில் காணி உள்ளவர் அவர். கம்பிக்குள் அவருக்கு ஒரு பரப்பும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமும் ஆட்கள்தான் இருந்தார்கள். சென்றியில் நிற்பது இருபது இருபத்திரண்டு வயதுப் பெடியன்கள். முதல் கிழமை துவக்கை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் கிழமை கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மதியம், நல்ல வெயில், ஒருவன் கம்பியடிக்கு வந்து அரைகுறைத் தமிழில் “அம்மா, சாப்பிட்டதா?” என்று கேட்டான். எங்களில் ஒரு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் மாவீரர், புலிகள் இயக்கத்தில் போராடி இறந்தவர்கள். அவர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் அவனைக் காணவில்லை என்றதும், “அந்தப் பெடியனை மாத்திப்போட்டாங்கள் போல” என்று அவர்தான் முதலில் சொன்னார். சென்றியில் ஒரே முகம் நாலு நாளுக்கு மேல் நிற்காமல் மாற்றத் தொடங்கியதை நான் கொப்பியில் குறித்திருக்கிறேன். அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றால் தங்கள் பெடியன்கள் இளகிவிடுவார்கள் என்று பொறுப்பானவர்கள் பயந்திருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

தெற்கிலிருந்து ஒரு பஸ்ஸில் சிங்களப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருவர் தன் மகனைப் படையில் இழந்தவர். மொழிபெயர்க்க ஆள் இருந்தும் அவர் அதிகம் பேசவில்லை. எங்கள் அம்மாமாருக்கு நடுவில் பாயில் இருந்து பின்னேரம்வரை கீரை ஆய்ந்தார். அன்று சிவில் உடுப்பில் படம் எடுப்பவர்கள் வழமையைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள்.

பதினோராம் நாள்: ஒரு கல்

பதினோராம் நாள் இரவு பத்து மணி போல் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கல் போய் சென்றியின் விளக்கை உடைத்தது. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பொடியள் என்றும் சொன்னார்கள். எங்களைக் குழப்ப அனுப்பிய ஆள் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

விடிய பொலிஸ் வந்தது. மூன்று இளைஞர்களை வாக்குமூலத்துக்குக் கூட்டிப்போனார்கள். இரவே விட்டார்கள். அதைவிடப் பெரிய சேதம் கொப்பியில் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் வரவு முப்பத்தொன்று. பதின்மூன்றாம் நாள் பத்தொன்பது. நாலு நாள் ஒரு பிள்ளைகூட வரவில்லை. வயது போனவர்களை மருமக்கள் மறித்துவிட்டார்கள். காணி தந்தவர் வந்து, தனக்கும் குமர்ப்பிள்ளைகள் இருக்குதுகள், கொட்டிலைக் கழற்றுங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டார். மிஞ்சி இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். அரச அலுவலகம் ஒன்றில் எங்கள் மனுவை எடுத்துப்போனவர்களிடம், இது பொதுமக்கள் போராட்டம் இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது என்றார்கள். ஒரு கல்லுக்குப் பிறகு எங்கள் எழுபத்தெட்டுப் பேரும் கணக்கில் இல்லாமல் போனார்கள்.

ஆறு பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊர்ப் பாதரும் கோவில் ஐயரும் ஒன்றாக வந்து ஒரு பின்னேரம் கொட்டிலில் இருந்தார்கள். பதினெட்டாம் நாள் வரவு மீண்டும் ஐம்பதைத் தாண்டியது.

பத்தொன்பதாம் நாள் இரவு

அன்று பின்னேரம் கம்பிக்குள்ளிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. மரம் அரிகிற சத்தம். பிறகு ஏதோ விழுகிற சத்தம். கோவிலை இடிக்கிறார்கள் என்று ஒரு கதை ஊருக்குள் போனது. இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது இளைஞர்கள் கொட்டிலுக்குப் பின்னால் கூடினார்கள். இரண்டு பேரிடம் கம்பி வெட்டுகிற குறடு. மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒரு கலன் பெற்றோல் இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

முன்னுக்கு நின்ற பெடியனுக்கு இருபத்தொரு வயது. தகப்பன் 2009 மே மாதம் வட்டுவாகலில் சரணடைந்து திரும்பாதவர். என்னிடம் ஆனா ஆவன்னா படித்த பிள்ளை. அவன் சொன்னதை வெட்டாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை.

“ரீச்சர், எங்களிட்ட ஆயுதம் இருந்த நேரம் இந்தக் காணிக்குள்ள ஆர் வந்தவன்? ஆயுதம் இருந்தபடியால்தானே எங்களைக் கூப்பிட்டு மேசையில வச்சுப் பேசினவங்கள். இண்டைக்கு நாங்கள் பிச்சைக்காரர் மாதிரிப் பாய் விரிச்சு இருக்கிறம். கோயிலை இடிக்கிறாங்கள். இன்னும் எத்தனை நாள் பஜனை பாடுறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. சுவரில் இருக்கிற தம்பி இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான்.

இரண்டு பிள்ளைகளை மாவீரராகக் கொடுத்த அந்த அம்மாதான் எழும்பி வந்தார். “தம்பி, என்ர பிள்ளையள் போகேக்க நான் மறிக்கேல்ல. அவைக்குப் பின்னால ஒரு படை நிண்டது. உனக்குப் பின்னால ஆரடா நிக்கினம்? நாங்கள் கிழவியள். நீ கம்பியை வெட்டினா, வெட்டினவனை அவங்கள் தேடமாட்டாங்கள். ஊர்ப் பொடியள் எல்லாரையும் தேடுவாங்கள். இன்னொருக்கா சாக்குக்குள்ள எலும்பு தேட எனக்கு ஏலாது.”

நான் கொப்பியைத் திறந்து டோர்ச் அடித்துக் காட்டினேன். பத்தாம் நாள் எழுபத்தெட்டு. கல்லுக்குப் பிறகு பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் பதினாலு பேர் தாங்களும் தங்கள் வயதுப் பொடியளும்தான் என்பதை அவர்களே தங்கள் பெயரை வாசித்துக் கண்டார்கள். “நீங்கள் பொடியள் பதினாலு பேரும் மட்டும் நிக்கேக்க உங்களை ஒவ்வொருத்தனாப் பிடிக்க அவங்களுக்கு ஒரு கிழமை போதும். எழுபத்தெட்டுப் பேரைப் பிடிக்க, எழுபது வயசு ஆச்சியைப் பிடிக்க, அவங்கள் ஆரைக் கேக்கோணும்?” என்றேன். ஐயா சொன்ன கணக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

வாக்குவாதம் ஒரு மணிவரை நடந்தது. அவர்களை இளக வைத்தது எங்கள் பேச்சு மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பதினேழு பெண்கள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வேலியடியில், கம்பிக்கும் பொடியளுக்கும் இடையில், வரிசையாக விரித்துப் படுத்துவிட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. கம்பியை வெட்ட வேண்டுமானால் தாய்மாரைத் தாண்டித்தான் போக வேண்டும். சென்றியில் நின்றவன் விளக்கைப் பிடித்து அதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தான். பெடியன் குறடைக் கொட்டிலுக்குள் எறிந்துவிட்டுத் தகப்பனின் பெயரைச் சொல்லி அழுதான்.

விடிய, கோவில் இடிக்கப்படவில்லை என்று தெரிந்தது. கோவிலுக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தைத்தான் தறித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எடுத்த முடிவுகள்

அந்த இரவு கூடிவந்ததை அதிர்ஷ்டம் என்று விட முடியாது என்று எல்லோருக்கும் விளங்கியது. மாலை ஆறு மணிக்குப் பிறகு வேலிப் பக்கம் பெண்கள் மட்டும். இளைஞர்கள் றோட்டுப் பக்கம் முறை வைத்து விழித்திருந்து, இருட்டில் வருகிற போகிற எவரையும் தொலைபேசியில் பதிவு செய்வார்கள். அடுத்த கல் விழுந்தால் எறிந்தவன் யார் என்பதற்கு எங்களிடமே சாட்சி இருக்கும். சிங்களத்தில் பேச ஒரே ஒருவர். சென்றியில் நிற்பவனைப் பார்த்துக் கெட்ட சொல் இல்லை. குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வரவு இல்லை.

புலிகள் இயக்கத்தை நினைவூட்டும் எதுவும் கொட்டிலில் வேண்டாம் என்றும் ஒரு முடிவு. அதை எழுதும்போது என் கை நின்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு வாசல் திறந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். காரணம் சரி. ஆனால் தன் பிள்ளையின் நினைவை மறைத்து வைத்துக்கொண்டுதான் தன் காணியைக் கேட்கலாம் என்று ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்துவதே அடக்குமுறைதான். அறவழி எங்களிடம் வாங்கிய விலைகளில் இதுவும் ஒன்று.

இளைஞர்களுக்கு உண்மையான வேலை கொடுத்ததுதான் மிக நல்ல முடிவு என்று இப்போது தெரிகிறது. ஐயாவையும் கிழவிகளையும் இருத்தி, கம்பிக்குள் யார் வளவு எங்கே, எல்லையில் என்ன மரம், கிணறு எத்தனை முழம் என்று கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் கீறினார்கள். கச்சேரியின் காணிக் கிளையில் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார்கள். குறடோடு வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அந்த வேலையில் கடைசிவரை நின்றார்கள். இரண்டு பேர் வெளிநாடு போனார்கள்.

விளைவு

2017 ஐப்பசியில், எங்கள் காணியில் மூன்றில் இரண்டு பங்கு விடப்பட்டது. கோவிலும் கிணறும் அதற்குள் வந்தன. அன்று கம்பியைச் சுருட்டியது படையினர். எங்கள் வரைபடம் அதிகாரிகளின் கையில் இருந்த படத்தைவிடச் சரியாக இருந்ததால் எல்லை காட்டும் வேலை இரண்டே நாளில் முடிந்தது.

உள்ளே போனபோது வீடு ஒன்றும் இல்லை. அத்திவாரக் கல்லும் கிளறி எடுக்கப்பட்டிருந்தது. கிணற்றில் கழிவு எண்ணெய் மிதந்தது. மூன்று முறை இறைத்தும் ஒரு வருடம் அந்தத் தண்ணி வாயில் வைக்க ஏலாமல் இருந்தது. மாமரம் நின்றது.

பாடசாலைக் காணியும் மேற்குப் பக்கத்துப் பதினெட்டு வளவும் விடப்படவில்லை. அடுத்த கட்டத்தில் என்றார்கள். திகதி சொல்லவில்லை, நாங்களும் எழுத்தில் கேட்கவில்லை. காணி கிடைத்தவர்கள் பற்றை வெட்டப் போனார்கள். கொட்டிலில் வரவு இறங்கத் தொடங்கியது. நாற்பது, இருபத்திரண்டு, பதினொன்று. 2018 தைப்பொங்கலுக்கு ஆறு பேர். மாசியில் தறப்பாள் காற்றில் கிழிந்தபோது யாரும் புதிது கட்டவில்லை. கல்லும் துவக்கும் செய்யாத வேலையை அந்தப் பகுதி விடுவிப்பு செய்து முடித்தது.

அந்த வருடமே ஏப்ரல் 23ஆம் திகதி, 1992இல் இடம்பெயர்ந்து ஒரு வருடமாக இரணைமாதா நகரில் போராடிய இரணைதீவுச் சனம், யாரும் விடுவிப்பதற்குக் காத்திராமல் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தங்கள் தீவுக்குப் போய் இறங்கியது. கடற்படை முகாம் இருந்த தீவு. போனவர்கள் ஒரு கல்லும் எறியவில்லை. அங்கேயே தங்கினார்கள். அமைதியாக இருப்பது வேறு, கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது வேறு என்பதை அந்தச் சனம் செய்து காட்டிய நாளில் எங்கள் கொட்டில் வெறும் கப்பாக நின்றது.

எது வேலை செய்தது, எது செய்யவில்லை

1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 போராட்டங்களை எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 வீதமும் ஆயுதம் தூக்கியவற்றில் 26 வீதமும் வென்றன. காரணமாக அவர்கள் முன்வைத்தது ஆட்தொகை. துவக்கோடு போகிற போராட்டத்தில் சேர இளமையும் உடலும் வேண்டும். இருக்கிற போராட்டத்தில் ஆச்சியும் சேரலாம். ஆட்கள் கூடக்கூட அரசின் பக்கம் நிற்பவர்களும் தளம்புவார்கள். எங்கள் கொப்பியின் பத்தாம் நாளும் பதின்மூன்றாம் நாளும், நாலு நாளில் மாற்றப்பட்ட சென்றிக்காரரும் எனக்குச் சொன்னது அதுதான். அவர்களில் செனோவெத் பிற்பாடு எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2010க்குப் பின்வந்த பத்தாண்டில் அமைதிப் போராட்டங்கள் வெல்வதும் வெகுவாகக் குறைந்தது. அரசுகளும் பாடம் படிக்கின்றன.

நாங்கள் வென்றதற்கு எங்கள் பொறுமை மட்டும் காரணம் இல்லை. 2017 பெப்ரவரி கடைசியில் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தொடர் தொடங்கியது. மார்ச்சில், அங்கே கொடுத்த வாக்குறுதிகளை நிறைவேற்ற இலங்கைக்கு மேலும் இரண்டு வருட அவகாசம் கிடைத்தது. நல்ல பெயர் தேவைப்பட்ட அரசு அது. அந்த அரசிடம் ஒரு ஆச்சியைத் தூக்கி எறிகிற படம் வெளியில் போவதற்கு விலை இருந்தது. விலையே இல்லாத அரசிடம், 2009இல் போல, எந்தப் பாயை விரித்து என்ன?

இன்னொன்று என்னை இன்றும் உறங்க விடுவதில்லை. எங்களுக்கு முன்பே கிளிநொச்சியில் இருந்த தாய்மார், எங்களைவிட ஒழுங்காக, எங்களைவிட நீண்ட காலம் இருந்தார்கள். 2022 ஓகஸ்டில் இரண்டாயிரம் நாளைத் தாண்டினார்கள். கேட்டது காணி இல்லை, பிள்ளை எங்கே என்ற பதில். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, 2018இல் ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள். பதில் வரவில்லை. பதிலைப் பாராமலே பல தாய்மார் இறந்தார்கள். காணியைத் திருப்பிக் கொடுத்தால் அரசுக்கு ஒரு முகாம் குறையும். உண்மையைச் சொன்னால் ஆட்கள் கூண்டில் ஏற வேண்டும். ஒரே வழியில் போராடியும் ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை என்றால், கேட்கப்படுவது எது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

கொட்டிலில் இருந்தவர்கள் 2022இல் கொழும்பில் ஆட்சிக்கு எதிராக எழுந்த போராட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சந்தோசமும் இருந்தது, எங்களுக்கு நடந்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வியும் இருந்தது. ஏப்ரல் 9 முதல் ஒரு மாதம் காலிமுகத்திடலில் அமைதியாக இருந்தவர்களை மே 9ஆம் திகதி ஆட்சியாளரின் ஆட்கள் அடித்தார்கள். அன்று ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், இரவு நாடு முழுக்க வீடுகள் எரிந்தன. மறுநாளே சுடுவதற்கு உத்தரவு வந்தது. ஜூலை 9ஆம் திகதி எண்ணி முடியாத சனம் வெறுங்கையோடு வந்து ஜனாதிபதி மாளிகைக்குள் போனபோது, அந்தச் சனத்தை இராணுவத்தால் தடுக்க முடியவில்லை. 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். வீடு எரிந்த இரவு அரசுக்குத் தெம்பு கொடுத்தது, வெறுங்கைப் பகல் அதைப் பறித்தது என்றே நான் அதைப் பார்த்தேன். ஜூலை 22 விடியுமுன் படை போய் மிச்சமிருந்த கூடாரங்களை உடைத்ததையும் பார்த்தேன். அங்கேயும் சனம் குறைந்த பிறகுதான் அடி விழுந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தொடங்கு முன்பே எல்லோரும் சேர்ந்து ஒரு வாக்கு எழுதிக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும்: கடைசி வளவு விடப்படும்வரை, முதலில் காணி கிடைத்தவர்களும் கிழமையில் இரண்டு நாளாவது கொட்டிலுக்கு வருவார்கள் என்று. காணி கிடைத்த பிறகு அந்த வாக்கைக் கேட்பது மற்றவரைக் குற்றம் சாட்டுவதாகிவிட்டது. அதனால் உறவுகள் முறிந்தன. ஒரே வீதியில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் இன்றும் கதைப்பதில்லை. பகுதியாக விடுகிறோம் என்று சொல்லும்போது, மிச்சத்துக்குத் திகதியை எழுத்தில் வாங்காமல் பூசை போட்டு மகிழ்ந்தது எங்கள் பிழை. அன்றைக்குப் பொங்கல் பானையைச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி.

கிணறுகளையும் அத்திவாரங்களையும் விடுவிக்கும் நாளில் இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்துப் பதிந்திருக்க வேண்டும். பிறகு நட்டஈடு கேட்டபோது, முன்பே அப்படித்தான் கிடந்தது என்றார்கள். எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை.

இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆண்கள். பேச்சுவார்த்தைக்குப் போனவர்களும் அவர்கள்தான். பாயோடு போய் வேலியடியில் படுத்த பதினேழு பேரில் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் திகதி இல்லாத விடுவிப்புக்குத் தலையாட்டியிருக்கமாட்டார் என்று எனக்குப் பட்டிருக்கிறது.

அந்த இளைஞர்களைக் கவனித்திருக்க வேண்டும். போராட்டம் முடிந்த பிறகும் மூன்று வருடம் அவர்கள் வீட்டுக்கு விசாரணை வந்தது. ஆட்சி மாறிய 2019 நவம்பருக்குப் பிறகு கூடியது. குறடைக் கீழே போடச் சொன்ன நாங்கள், அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தைக்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குப் போன நடைபயணம் முல்லைத்தீவுக்கு வந்தபோது அந்தப் பெடியன் தண்ணீர்ப் போத்தல் பெட்டியோடு றோட்டில் நின்றான். “ரீச்சர், வரவு எழுதேல்லையோ?” என்று கேட்டான்.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் விடப்படாத பதினெட்டு வளவுக்காரரின் பெயர்கள், எல்லை மரத்தோடு, வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐயாவின் பெயருக்கு நேரேயும் இன்னும் மூன்று பெயருக்கு நேரேயும் இறந்த திகதியைச் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன்.